மாமன் மடியின் ஜூரிஸ்டிக்ஷன்

ஈரச் சந்தனம் எங்கே மணந்தாலும் எனக்கு ஓர் ஆங்கிலச் சொல் ஞாபகம் வருகிறது. சாமி ஞாபகம் வர வேண்டும், இல்லையென்றால் கல்யாண மண்டபத்து வாசல். வருவதில்லை. போன வாரம் திருவிடந்தைக் கோயிலிலிருந்து மாலையும் கழுத்துமாக வெளியே வந்த ஒருவன், பெண் அமைய வேண்டும் என்ற வேண்டுதல் முகத்தோடு என்னை உரசிக்கொண்டு போனான். நெற்றியில் புதுச் சந்தனம். கடற்காற்று அதைக் கொஞ்சம் கிள்ளி என் மூக்கில் வைத்தது. உடனே நெஞ்சுக்குள் ஒரு குழந்தை வீரிட்டது. அதன் பின்னாலேயே ஒரு பெண்குரல்: "அது என் ஜூரிஸ்டிக்ஷன்ல வராது."

சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன், குழந்தை பிறகு.

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து, வழக்குக் காகிதங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து இங்குமாக மாற்றிக் கொடுப்பது என் பகல். அந்தக் காகிதங்களில் அடிக்கடி எதிர்ப்படும் சொல் ஜூரிஸ்டிக்ஷன். 'அதிகார வரம்பு' என்று எழுதுவேன். ஒரு வக்கீல் அதை அடித்து 'ஆள்வரை' என்பார். அவருடைய ஜூனியர் அதையும் அடித்து மறுபடி 'அதிகார வரம்பு' என்பார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டுவேன். அதிகாரம் என்பது ஒருவர் கையிலிருக்கும் கோல் என்றால், இந்தச் சொல் அந்தக் கோல் எட்டும் தூரம். அந்த வட்டத்துக்குள் அவர் சொன்னால் மலை நகரும். ஓர் அடி தள்ளி நின்றால் அவரும் நம்மைப் போல வெயிலில் வியர்க்கிற ஆள்தான்.

இது புத்தக அர்த்தம். புழக்கத்தில் அதற்கு நிறையப் பெயர்கள். ஸ்டேஷனில் அது 'லிமிட்'. கரண்டு ஆபீசில் 'செக்ஷன்'. ஆட்டோ ஸ்டாண்டில் 'ஏரியா'. கடற்கரையில் ஐஸ் விற்பவருக்கும் சங்குமாலை விற்பவருக்கும் நடுவில் மணலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. எந்த அலை வந்தும் அது அழிந்ததில்லை. முன்பு நான் குடியிருந்த ஒரு தெருவில் விளக்கு எரியவில்லை. விசாரித்துப் பார்த்தேன். கம்பம் ஒருவருடையது, பல்பு இன்னொருவருடையது, இருட்டு மட்டும் என்னுடையது.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எந்தப் பெயரில் வந்தாலும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் 'இல்லை' ஒட்டிக்கொண்டே வரும். எங்க லிமிட் இல்ல. நம்ம செக்ஷன் இல்ல. வீட்டு வாசலில் தொங்கும் எலுமிச்சம்பழம் மாதிரி, வருவதைத் தடுக்கத்தான் அதை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் அதை மாட்டி வைத்திருந்தவர், என் தங்கை கணவரின் அக்கா. வருவாய்த் துறையில் ஆய்வாளர், ஆர்.ஐ. செய்யூர்ப் பக்கம் ஒரு பிர்கா, அதாவது சில கிராமங்கள் சேர்ந்த ஒரு வட்டாரம், அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். கேட்டுக் கேட்டு நாங்களும் மேடம் என்றோம். தங்கை மட்டும் அண்ணி என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செங்கல்பட்டில் தம்பி வீட்டில்தான் இருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூடச் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல், "இன்னாம்மா, பால் பொங்குது. என் ஜூரிஸ்டிக்ஷன் இல்ல, சொல்லிட்டேன்" என்பார். டி.வி. ரிமோட் இல்லை, துணி காயப்போடுவது இல்லை, மாமியார் மருமகள் சண்டை இல்லவே இல்லை. ஆனால் ஒரு நல்ல குணம். தன்னுடையது இல்லை என்று சொன்ன வேலையை, அது யாருடையதோ அவருக்கு போன் போட்டு, அவர் எழுந்து செய்து முடிக்கும்வரை லைனிலேயே இருப்பார். பால் விஷயத்தில் சமையலறையிலிருந்த தங்கைக்கே கூடத்திலிருந்து போன் போட்டிருக்கிறார்.

தங்கைக்குத் தாமதமாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தபோது மேடம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு இதெல்லாம் வராது. என் ஜூரிஸ்டிக்ஷனே இல்ல."

ஒரு மாதம் போயிருக்கும். எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் கைக்குப் போனது. பிறகு குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது. மோட்டார் கொட்டகை, புறம்போக்கு, கோயில் குளக்கரை என்று ஆக்கிரமிப்பு அகற்றப் போகிற பெண், வீட்டுக்கு வந்து ஒரு குழந்தையை அங்குலம் அங்குலமாக ஆக்கிரமித்துக்கொண்டிருந்தார். தங்கை எனக்கு போன் செய்து சிரிப்பாள்: "அண்ணா, பாப்பாவ அண்ணி அவங்க பேருக்குப் பட்டா மாத்திட்டாங்க. எனக்குப் பால் குடுக்க மட்டும் வழிப்பாதை வுட்டுக்கீறாங்க."

குழந்தை அழுதால் மேடம் உதட்டைக் குவித்து பஸ் ஹாரன் அடிப்பார். பாம், பாபாம். ஈ.சி.ஆரில் போகும் எந்த பஸ்ஸும் அப்படி அடித்ததில்லை. குழந்தை உடனே வாயை மூடிக்கொண்டு, பஸ் எங்கே என்று தேடும்.

குழந்தைக்கு ஒரு வயதானபோது இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. மேடத்துக்குப் பதவி உயர்வு, கூடவே ஓசூர்ப் பக்கம் மாற்றல். அவர் கிளம்புவதற்குள் காது குத்திவிட வேண்டும் என்று தங்கை துடித்தாள். கிளம்புகிற நாளிலேதான் முகூர்த்தம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் குத்தி முடிக்க வேண்டும். சாயங்காலம் மேடம் பஸ் ஏற வேண்டும்.

மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான். எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. தங்கைக்கு நான் ஒருவன்தான். முதல் நாள் போனில் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சீரெல்லாம் கொறச்சலா கொண்டாந்தாலும் பரவால்ல அண்ணா. அம்மா வூட்டுலேந்து எனக்குன்னு வர்றது உன் மடி ஒண்ணுதான். அதுல ஒக்கார வெச்சித்தான் எம்பொண்ணுக்குக் குத்தணும்."

இப்படி ஒரு மடியை வைத்துக்கொண்டு நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த வருடங்களை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர்கள் குலதெய்வம் செய்யூருக்குக் கிழக்கே சவுக்குத் தோப்புக்குள் இருக்கும் எல்லையம்மன். மேடத்துக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் அமையாது. வேன் ஒரு சிறுபாலத்தைத் தாண்டும்போது அவர் குழந்தையை ஜன்னலருகே தூக்கிப் பிடித்து, "பாத்துக்கோடி, இங்கேந்து உங்க அத்தை பிர்கா" என்றார். பிறகு தனக்கே ஞாபகம் வந்ததுபோல, "நேத்து வரைக்கும்" என்றார். குழந்தை சிறுபாலத்துக்கு டாட்டா காட்டியது.

தோப்பில் காற்றுக்கு வேலை அதிகம். சவுக்கு ஊசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ரகசியம் பேசின. சேலைகள் பறந்தன, சூடம் ஏற்ற நாலு பேர் குடைபிடித்தார்கள். என் மடியில் குழந்தையை வைத்தார்கள். அதே ஊரில் வேலை பார்த்தும் வருடத்தில் நாலைந்து முறை மட்டும் வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகும் ஆள் நான். அது என்னை அண்ணாந்து பார்த்தது. இந்த மூக்கை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தது. பிறகு, பார்த்ததில் சந்தோஷமில்லை என்ற முடிவுக்கு வந்து வாயைத் திறந்தது.

மொட்டை எப்படியோ நடந்தது. மேடம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். குழந்தை பஸ்ஸைத் தேடிய இடைவெளிகளில் சவரக்கத்தி ஓடியது. மொட்டைத் தலையில் என் மனைவி சந்தனத்தை அள்ளிப் பூசினாள். அந்த மணம்தான். குளிர்ச்சியும் முடியின் ஈரவாடையும் தோப்புக்கு அப்பாலிருந்து வந்த உப்பும் கலந்தது.

அடுத்து பத்தர் வந்தார். மதுராந்தகத்திலிருந்து வந்த நகைத் தொழிலாளி, கழுத்தில் மப்ளர், மடியில் ஒரு சின்ன டப்பா. காது மடலில் சந்தனத்தால் புள்ளி வைத்தார். ஊசியை எடுத்தார். ஹாரனுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், மேடம் நின்ற இடத்தில் மேடம் இல்லை.

குழந்தையும் அதையேதான் தேடியிருக்க வேண்டும். என் கையில் கெண்டை மீனாகத் துள்ளியது. வலப்பக்கம் பிடித்தால் இடப்பக்கம் நழுவியது. சந்தனத் தலை என் தாடையில் இடித்தது. சட்டையெல்லாம் சந்தனம், கண்ணாடியெல்லாம் சந்தனம்.

"ஆடுற காதுல நான் குத்தமாட்டேங்க" என்று பத்தர் ஊசியை மேலே தூக்கிக்கொண்டார். "கம்மலு கன்னத்துல போயி ஒக்காந்துக்கும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"கெட்டியா புடி அண்ணா!"

"புடிச்சிகினுதான் கீறேன்!"

"இது புடிக்கறதா? பரீட்சைப் பேப்பர் புடிக்கற மாதிரி கீது" என்றாள் என் மனைவி, போனில் படம் எடுத்துக்கொண்டே.

தங்கை சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், தோப்பைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துகொண்டு வருவதைப் பார்த்தேன். "அக்கா மடியில ஒரு நிமிசத்துல முடிஞ்சிடும்" என்றார் அவள் கணவர். "வேணாம்" என்றாள் தங்கை. "என் அண்ணன் மடியிலதான்." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "அவங்க பக்கத்துல இருந்தா போதும். கூட்டியாயேன்" என்றாள். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு நான் போனேன்.

மேடம் வேனுக்குப் பின்னால் நின்றிருந்தார். கீழே உதிர்ந்த சவுக்கு ஊசி ஒன்றைக் கணுக்கணுவாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கொஞ்சம் வாங்க. பாப்பா அடங்க மாட்டேங்குது."

"நான் எதுக்கு? தாய்மாமன் மடிதான சம்பிரதாயம்? உங்க லிமிட் அது. என் ஜூரிஸ்டிக்ஷன்ல வராது."

"சும்மா பக்கத்துல வந்து ஒக்காருங்க."

"நாளைக்கு உங்க ஆளுங்களே பேசுவாங்க, மாமன் உரிமையில அத்தக்காரி கை வெச்சிட்டான்னு. வேற ஆபீசர் லிமிட்ல நான் போயி கையெழுத்துப் போடமாட்டேன் மாமா. சர்வீஸ்ல ஒரு தபா போட்டதில்ல."

குழந்தையின் கணக்கில் என்னை மாமா என்றுதான் அவர் கூப்பிடுவார். தோப்புக்குள்ளிருந்து குழந்தை கத்தும் சத்தம் உயர்ந்தது. அவர் உதடு தானாகக் குவிந்தது. ஹாரன் வெளியே வருவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அழுவுது மேடம்."

"அழுவட்டும். உங்க மடியில அழுவட்டும்." கையிலிருந்த சவுக்கு ஊசி தீர்ந்துபோயிருந்தது. "சாயங்காலம் நான் பஸ் ஏறிடுவேன். இன்னிக்கு என்னைப் பாக்கறதுதான் அதுக்குக் கடைசியா மனசுல நிக்கும். ஊசிக்குப் புடிச்சிக் குடுத்தவ நானுன்னு நிக்கணுமா? உங்களுக்கின்னா, அடுத்த மாசமே ஒரு பொம்மையோட வந்து சரிகட்டிடுவீங்க. எனக்கு ஓசூர்லேந்து எவ்ளோ பொம்மை வாங்கியாந்தா சரிப்படும்?"

எத்தனை மனுக்களில், எத்தனை தீர்ப்புகளில் அந்தச் சொல்லை நான் தமிழாக்கியிருப்பேன். அந்தச் சொல்லை வேலியாக்கி அதன் பின்னால் ஒருவர் இப்படி ஒளிந்து நிற்கலாம் என்று எந்தக் காகிதமும் சொன்னதில்லை.

"உங்களுக்குக் காது குத்துனது ஞாபகம் கீதா மேடம்?"

அவர் கை காதுக்குப் போனது. "இல்ல."

"யாரு மடியில?"

"எங்க மாமன் மடின்னு சொல்வாங்க."

"அதுக்காவ அவர்மேல கோவம் உண்டா?"

"அவரு மேல கோவந்தான். ஆனா அது காதுக்காவ இல்ல" என்று யோசித்துச் சொன்னார். "அவரு எப்பவுமே ஒரு மாதிரி ஆளு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

"ரெண்டு கோர்ட்டுக்கும் ஒரே விஷயத்துல அதிகாரம் உண்டுன்னு ஒரு வகை கீது மேடம். நானே அடிக்கடி எழுதறேன். எந்தக் கோர்ட்டுல போட்டாலும் செல்லும்."

"ரெவின்யூல அப்படி ஒண்ணும் கெடையாது."

"எல்லையம்மன் கோயில்ல கீது."

மேடம் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது அவர் ஆர்.ஐ. ஆகிவிட்டார். "பத்து பதினஞ்சு. இன்னும் இன்னா வேடிக்கை பாத்துகினு கீறீங்க? நடங்க."

பாயில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் இடப்பக்கம் ஒட்டினாற்போல மேடம். என் இடது முட்டியும் அவருடைய வலது முட்டியும் சேருகிற இடத்தில், எல்லைக் கல் நடுவதுபோலக் குழந்தையை வைத்தாள் தங்கை. என்னைப் பார்த்து அழ ஆரம்பித்த குழந்தை அந்தப் பக்கம் திரும்பியதும் பாதியில் நிறுத்திவிட்டது. கூட்டம் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் ஒரு குறும்பு பரவியது. என் மனைவி அதை வாய்விட்டே சொன்னாள்.

"ஏங்க, அப்படியே ஆளுக்கொரு மாலை போட்டுவுட்டா சரியா இருக்கும். பூசாரி வேற சும்மாதான் கீறாரு."

"அம்மாடி, உன் வூட்டுக்காரர நீயே வெச்சிக்கோ" என்றார் மேடம். "மாமா, உங்க முட்டிய உங்க எல்லைக்குள்ள வெச்சிக்கோங்க. இப்பவே சொல்லிட்டேன்."

பத்தர் கேட்டார்: "யார் பக்கம் மொதல்ல?"

"அவர் பக்கம்" என்றார் மேடம் அவசரமாக.

வலது காது என் பக்கம். ஹாரன் அடித்தது. பாம், பாபாம். குழந்தை பஸ்ஸைத் தேடியது. பத்தரின் கை ஒரு கொக்கின் கழுத்து மாதிரி போய் வந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. தோப்பில் காற்றுகூட நின்றது. பிறகு அந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய சத்தம் எங்கே மடித்து வைக்கப்பட்டிருந்ததோ, அது முழுவதும் விரிந்தது.

இடது காது. மேடம் கண்ணை இறுக மூடியிருந்தார். ஆனால் கை பிடியை விடவில்லை. ஹாரன் வந்தது, நடுவில் உடைந்து உடைந்து, பழைய பஸ் மேட்டில் ஏறுகிற மாதிரி. பத்தர் திருகாணியை முறுக்கி, "ஆச்சி" என்று டப்பாவை மூடினார். வாயில் வெல்லத்தைத் திணித்தார்கள். துப்பியது.

இப்போது குழந்தை தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரம். மேடம் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

அது முதலில் பத்தரைப் பார்த்தது, பிறகு என்னை. தன் இரண்டு கையாலும் என் மார்பில் பட்பட்டென்று நாலு அடி வைத்தது. பிறகு திரும்பி, சந்தனத் தலையோடு மேடத்தின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அங்கே போய் அழுகையைத் தொடர்ந்தது.

குத்தியவர் பத்தர். பிடித்தவர்கள் இரண்டு பேர். தண்டனை எனக்கு மட்டும். மேல்முறையீடு செய்ய இடமில்லை. அன்று முழுவதும் அது என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்தை நீட்டியபோதும் கண்ணை மூடிக்கொண்டது. மேடத்துக்கு உள்ளே நிலைகொள்ளாத சந்தோஷம். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஐயோ பாவம் மாமா" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். வரவில்லை.

தங்கை எனக்கு இரண்டாவது முறை சோறு போடும்போது, யாருக்கும் கேட்காமல், "அம்மா பாத்திருந்தா சிரிச்சிருக்கும்ல?" என்றாள். "ஒன்னைத்தான் பாத்து."

சாயங்காலம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு. காஞ்சிபுரம் போய், அங்கிருந்து மாறிப் போக வேண்டும். பெட்டியை மேலே ஏற்றினோம். மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தங்கையின் இடுப்பில் குழந்தை. காய்ந்த சந்தனம் தலையில் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. காதில் இரண்டு பொட்டுத் தங்கம். ஜன்னல் வழியாக மேடம் கையை நீட்டினார். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. இத்தனை நாள் வாயால் அடித்த ஹாரனுக்கு உண்மையிலேயே ஒரு பஸ் இருக்கிறது என்பது அதற்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

டிரைவர் ஏறி உட்கார்ந்து நிஜ ஹாரனை அடித்தார். குழந்தை கண்டுகொள்ளவில்லை. மேடத்தின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விரலை மெல்ல உருவிக்கொண்டார். குழந்தையைப் பார்த்தால் பேச்சு வராது என்று நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்துக் கடகடவென்று உத்தரவு போட ஆரம்பித்தார்.

"மாமா, பொம்மையோட வர்றது இருக்கட்டும், எண்ணெயோட வாங்க. ரெண்டு வேளையும் தேங்காண்ணெ வெக்கணும். திருகாணிய லேசா அசைச்சி வுடணும், ஒட்டிக்கும். வலது காது உங்க பொறுப்பு."

"இடது?"

பஸ் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். மேடம் தலையை வெளியே நீட்டி, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அது என் ஜூரிஸ்டிக்ஷன்! தெனம் வீடியோ கால்ல காட்டணும். என்னைக் கேக்காம ஒருத்தரும் கை வெக்கக் கூடாது!"